சொல்லின் வழியும் சொல்லின் பழியும்

‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி: ஒரு திறனாய்வு

ஆங்கில மொழியில் தமிழ்ச் சொற்கள் வழங்குகின்றன என்று கேட்கும்போது தமிழர் நெஞ்சம் மகிழ்வது இயல்பே. பொங்கல் மலர்களிலும் இலக்கிய விழா மேடைகளிலும் அத்தகைய சொற்பட்டியல்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. ‘கட்டுமரம் கேட்டமரான் ஆயிற்று, சுருட்டு செரூட் ஆயிற்று, காசு கேஷ் ஆயிற்று, அரிசி ரைஸ் ஆயிற்று’ என்று பட்டியல் நீளும். கேட்போர் கைதட்டுவர். ஆனால் அப்பட்டியலில் எது மெய், எது போலி, எது பாதி மெய் என்று பிரித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஓசை ஒத்திருந்தால் உறவு உண்டு என்று முடிவு கட்டுவது எளிது. முகச்சாயல் ஒத்த இருவரைக் கண்டதும் ‘உடன்பிறந்தார்’ என்று கூறிவிடுவது போன்றது அது. குடிவழிச் சான்று இல்லாத உறவு வழக்கு மன்றத்தில் நில்லாது.

சொற்களின் குடிவழியை எவ்வாறு ஆராய்வது என்பதற்கு எடுத்துக்காட்டாகவும், அவ்வாராய்ச்சி எங்கே வழுக்கும் என்பதற்கு எச்சரிக்கையாகவும் ஒருங்கே விளங்கும் நூல் ஒன்று உண்டு. 1886-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதியே அது. இந்தியாவிலும் கீழ்த்திசை நாடுகளிலும் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பேச்சில் கலந்து வழங்கிய அருஞ்சொற்களின் தொகுப்பு இது. ஆங்கிலம் கற்றோர்க்கும் அன்றாடம் எதிர்ப்படாத சொற்கள் பல இதில் அடங்கியுள்ளன. இந்நூலின் மெய்யான மதிப்பு யாது, குறை யாது என்று காண்பது தமிழர்க்குப் பயன் தரும். ஏனெனில் இதில் பேசப்படும் சொற்களுள் பல தமிழரைப் பற்றியவை. சில தமிழரைச் சுட்டவை.

நூலாசிரியர் இருவர்

இந்நூலைத் தொகுத்தவர்கள் கர்னல் ஹென்ரி யூலும் ஆர்தர் கோக் பர்னெலும் ஆவர். யூல் (1820-1889) வங்காளப் பொறியியல் படையில் பணி புரிந்தவர். மார்க்கோ போலோவின் பயண நூலை விரிவான குறிப்புக்களுடன் 1871-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டுப் புகழ் பெற்றவர். பர்னெல் (1840-1882) சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்து தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை அமைத்தவர். தென்னிந்திய எழுத்துக்களின் வரலாற்றை ஆராய்ந்து 1874-இல் நூல் எழுதியவர். இருவரும் மடல் வாயிலாகவே சொல்லாராய்ச்சியை வளர்த்தனர். நூல் முடியுமுன் பர்னெல் தம் 42-ஆம் அகவையில் மறைந்தார். எஞ்சிய பணியைத் தனியே சுமந்து முடித்தவர் யூல். பின்னர் வில்லியம் குரூக் என்பவர் அதனை விரிவாக்கி 1903-இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். அப்பதிப்பு ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது.

இந்நூலின் தலையாய சிறப்பு அதன் முறையிலே உள்ளது. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அதன் பொருளைக் கூறி, மூலம் இன்னதாக இருக்கலாம் என்று ஆராய்ந்து, அத்துடன் நிறுத்துவதில்லை. அச்சொல் எந்த ஆண்டில், எந்தப் பயணியின் ஏட்டில், எந்த வடிவில் முதன்முதல் காணப்படுகிறது என்பதைக் காட்டி, அதன்பின் ஆண்டு வரிசையில் மேற்கோள்களை அடுக்குகிறது. அரபுப் பயணியர், போர்ச்சுகீசிய மாலுமியர், டச்சு வணிகர், ஆங்கிலக் கும்பினி எழுத்தர் எனப் பலரும் வந்து சாட்சி சொல்கின்றனர். ஒரு சொல் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறி எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்பது அச்சாட்சியங்களால் விளங்குகிறது. அறிஞர் மரே தொகுத்து 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியும் பல சொற்களுக்கு இந்நூலைத் துணையாகக் கொண்டது.

தலைப்பிலே ஒரு பாடம்

நூலின் பெயரே விந்தையானது. ஹாப்சனும் ஜாப்சனும் ஆசிரியர்களின் பெயர்கள் அல்ல. முகரம் நாளில் நபிகள் நாயகத்தின் பேரர்களாகிய அசன், உசேன் இருவரையும் நினைந்து மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு ‘யா அசன்! யா உசேன்!’ என்று அழுது செல்வர். இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படைவீரரின் காதில் அவ்வோலம் வேறு விதமாக விழுந்தது. 17-ஆம் நூற்றாண்டில் வந்த பிரையர் என்னும் பயணி அதனை ‘ஹாசி காசி’ என்று எழுதிவைத்தார். நாளடைவில் வாய்கள் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அது ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்களாகவே உருமாறிற்று. அயற்சொல்லைத் தம் மொழியில் முன்பே பழகிய சொல்லாக மாற்றிக்கொள்ளும் இவ்வியல்புக்கு மொழி நூலார் பிற்காலத்தில் இந்நூலின் பெயரையே வைத்து வழங்கலாயினர்.

செவி பொய் சொல்லும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால் திறனாய்வாளன் ஈண்டு ஒரு குறையையும் சுட்டவேண்டும். ஒரு சமயத்தார் கண்ணீர் விட்டு எழுப்பும் துயரக்குரலை நகைப்புக்குரிய பெயராக்கிய படைவீரரின் வழக்கை ஆராய்ந்து பதிவு செய்வது அறிஞர் கடமை. அதையே பெயராகச் சூட்டி நூலை விலை கூறுவது வேறு. வாசகரைக் கவரும் பெயர் வேண்டும் என்று யூல் விரும்பினார். அக்கவர்ச்சியின் விலையைக் கொடுத்தவர்கள் அழுதவர்களே.

காசும் கேஷும்

நூலின் முறை எத்துணைப் பயனுடையது என்பதைக் ‘காசு’ என்னும் சொல் காட்டும். ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ தமிழ்க் காசிலிருந்து பிறந்தது என்பது மேடைகளில் பலமுறை கேட்கும் கூற்று. உண்மை என்னவெனில், ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இத்தாலியிலும் பிரான்சிலும் பணப்பெட்டியைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் முதலில் பெட்டியையும் பின்னர் பெட்டிக்குள் இருக்கும் பணத்தையும் குறித்தது. இதற்கும் தமிழுக்கும் தொடர்பில்லை.

மற்றொரு ‘கேஷ்’ உண்டு. கீழ்த்திசையில் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. இராசராச சோழனின் தஞ்சைக் கல்வெட்டுக்களில் காணப்படும் ‘காசு’ என்னும் சொல் போர்ச்சுகீசியர் வாயில் உருமாறி, அவரிடமிருந்து ஆங்கிலேயரை அடைந்தது என்று இந்நூல் விளக்குகிறது. சென்னையில் 1818 வரை வழங்கிய நாணய முறையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். கிழக்கிந்தியக் கும்பினி 1803-இல் அடித்த செப்பு நாணயத்தில் ‘20 கேஷ்’ என்றே பொறிக்கப்பட்டிருந்தது. சீனத்தின் துளையிட்ட செப்புக் காசுகளையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர். இந்தக் ‘கேஷ்’ மறுக்க முடியாத தமிழ்ச் சொத்து. ஆனால் வங்கியில் எண்ணித் தரும் ‘கேஷ்’ தமிழன் சொத்தன்று. உள்ளதைக் கொண்டு பெருமை கொள்ளாமல் இல்லாததைக் கொண்டு பெருமை பேசினால், உள்ளதும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

அரிசியின் ஆசை

‘ரைஸ்’ என்னும் சொல்லைப் பற்றி யூல் எழுதியிருப்பது இன்னும் பாராட்டத்தக்கது. ரைஸ் என்பதற்கு மூலம் ‘ஒருசா’ என்னும் கிரேக்கச் சொல். அதனைத் தமிழ் ‘அரிசி’யுடன் இணைத்துக் காட்டும் ஆசை பெரிது என்பதை யூல் ஒப்புக்கொள்கிறார். நெற்பயிர் தென்னாட்டில் தழைத்தது, தமிழகக் கடல் வாணிகம் தொன்மையானது, ஓசையும் ஒத்திருக்கிறது. இத்தனையும் இருந்தும் அவர் தீர்ப்பை எழுதிவிடவில்லை. கிரேக்கர் அரிசியை அறிந்தது அலெக்சாந்தரின் படையெடுப்பால் என்றால், அவர்கள் அப்பெயரைக் கேட்ட இடம் வடமேற்கு எல்லை. அங்கே வடமொழியின் ‘விரீஹி’யும், ஆப்கானியர் பேசும் பஷ்தூ மொழியில் அதனை ஒத்த சொல்லும் வழங்குகின்றன. சொல் நடந்து வந்த வழி அதுவாக இருத்தல் கூடும் என்று அவர் தயங்கி நிற்கிறார். இன்றைய ஆங்கில அகராதிகள் பெரும்பாலானவை கிரேக்கச் சொல்லுக்கு ஈரானிய மொழி ஒன்றையே மூலமாகக் கருதுகின்றன.

ஆசை கண்ணெதிரே நின்றபோதும் ‘சான்று எங்கே?’ என்று கேட்பதே புலமை. தமிழ்ப் பற்றுடையோர் இத்தயக்கத்தைத் தமிழ்ப் பகை என்று எண்ணிவிடலாகாது.

கடல் கடந்து திரும்பிய சொற்கள்

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்க்குத் தனிச்சுவை தருவன ‘கோடவுன்’, ‘காம்பவுண்ட்’ என்னும் இரண்டு சொற்கள்.

பண்டகசாலையைக் குறிக்கும் ‘கோடவுன்’ ஆங்கிலச் செவிக்குக் ‘கீழே செல்’ என்று ஒலிக்கும். அதைக் கேட்டு நிலவறை என்று பொருள் கொள்வது எளிது. அதுவும் ஒரு ஹாப்சன்-ஜாப்சனே. யூலின் ஆராய்ச்சிப்படி ஆங்கிலேயர் இச்சொல்லைக் கீழ்த்திசைத் தீவுகளில் மலாய் மக்களிடமிருந்து பெற்றனர். மலாய் மொழியில் அது சரக்கறையையும் செங்கல்லால் கட்டிய வீட்டையும் குறித்தது. ஆனால் மலாய்க்கும் முன்னே அதன் தாயகம் தென்னிந்தியா. சரக்குகள் கிடக்கும் இடம் ‘கிடங்கு’. கிடத்தல் என்னும் வினையடியாக எழுந்தது. தெலுங்கிலும் இதன் உறவுச் சொல் உண்டு. ஆகவே தென்னிந்திய வணிகருடன் கிழக்கே சென்ற சொல், மலாய் நாட்டில் குடியேறி, ஆங்கிலேயரின் கணக்கேட்டில் ஏறி, மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பியது. இன்று தமிழ்நாட்டுக் கடைவீதியில் ‘குடோன்’ என்று வழங்குவது அதுவே. வீட்டைவிட்டுப் போன பிள்ளை வேற்று உடையில் திரும்பிவர, பெற்றோர் அடையாளம் காணாமல் விருந்தாளி என்று வரவேற்பதைப் போன்றது இது.

‘காம்பவுண்ட்’ என்பதன் வழி வேறு. ‘காம்பவுண்டுச் சுவர்’ என்று தமிழரும் வழங்கும் இச்சொல்லுக்குப் போர்ச்சுகீசியம், பிரெஞ்சு, மலாய் என மூன்று மூலங்கள் கூறப்பட்டன. வேதியியலில் வரும் ‘காம்பவுண்ட்’ இலத்தீன் வழியது. அதற்கும் இதற்கும் உறவில்லை. மலாய் மொழியின் ‘கம்போங்’ என்பதே மூலம் என்று முதலிற் சுட்டியவராக இந்நூல் குறிப்பவர் ஜான் கிராபர்ட். இவர் 1823 முதல் 1826 வரை சிங்கப்பூரின் ரெசிடெண்டாக ஆட்சி செய்தவர். மலாய் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதி 1852-இல் வெளியிட்டவர். மூன்று கூற்றுக்களையும் மேற்கோள்களோடு எடைபோட்ட யூலும் மலாய் மூலத்தின் பக்கமே சாய்கிறார். கம்போங்கில் வாழ்ந்தவர் தம் வீட்டைச் சுற்றிய வேலியின் பெயர் உலகச் சொல்லானதை அறிந்திருக்கமாட்டார்.

மிளகுத்தண்ணீரின் கதையும் சுவையானதே. ‘மல்லிகட்டானி’ என்று ஆங்கில உணவு மேசையில் அமர்ந்த அந்தச் சாறு, சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கே ‘மல்’ என்னும் கேலிப்பெயரை வாங்கித் தந்தது. கட்டுமரமோ பொருளையே மாற்றிக்கொண்டது. மரங்களைக் கட்டிய மிதவையைக் குறித்த அச்சொல், 1804-இல் பிரெஞ்சுத் துறைமுகமாகிய புலோன் மீது ஆங்கிலக் கடற்படை ஏவிய வெடிமருந்துக் கலங்களுக்குப் பெயராயிற்று. பின்னர்ச் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசைச் சொல்லுமாயிற்று. 1876-இல் ஹெரஷாப் என்னும் அமெரிக்கர் அமைத்தது போன்ற இரட்டையுடல் படகுகளுக்கு அப்பெயர் நிலைத்தது. பசிபிக் தீவினர் கண்ட படகு வடிவுக்குச் சோழமண்டலக் கரையின் பெயர்! சொல் தமிழுடையது, பொருள் தமிழுடையதன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதி ‘இரட்டைப் படகைத் தமிழன் கண்டான்’ என்று முழங்குவது பிழை.

பழி சுமந்த சொற்கள்

இதுவரை கூறியவை அறிவுக்கு விருந்து. இனி வருவன நெஞ்சைத் தொடுவன.

‘கூலி’ என்னும் சொல்லைப் பற்றி இந்நூல் நீண்டு ஆராய்கிறது. குஜராத்தில் வாழ்ந்த கோலி என்னும் இனத்தாரின் பெயரே மூலம் என்பது யூலின் எண்ணம். தமிழில் ஊதியத்தைக் குறிக்கும் ‘கூலி’யையும் அவர் எடுத்துக் கூறுகிறார். அடிமையைக் குறிக்கும் உருதுச் சொல் ஒன்றையும் பிறர் காட்டுவர். சீனர் இச்சொல்லைத் தம் எழுத்தில் எழுதும்போது ‘கசப்பான உழைப்பு’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களைத் தேர்ந்துகொண்டனர். அது கண்டு சொல்லே சீனம் என்பாரும் உளர். அறிஞரிடையே முடிவான தீர்ப்பு இன்றும் இல்லை.

ஆனால் பொருள் மாறிய விதத்தில் ஐயமில்லை. தமிழில் கூலி என்பது ஆளன்று. உழைப்புக்கு உரிய பயன். வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் முயற்சிக்குக் கிடைக்கும் பேறாக இச்சொல்லை ஆள்கிறார். ஆங்கிலத்திலோ ஊதியத்தின் பெயர் உழைத்தவனின் பெயராகிவிட்டது. கொடுக்க வேண்டியதைக் குறித்த சொல், கொடுக்காமல் ஏமாற்றத் தக்கவனைக் குறிக்கலாயிற்று. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் வந்த தமிழர், பெயரும் ஊரும் உடைய மனிதராகக் கப்பல் ஏறி, கூலிகளாக இறங்கினர். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பதும் 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. சொல் மட்டும் அதன் பின்னும் பல காலம் வசையாக ஒலித்தது. தமிழ்க் கூலியே இதன் மூலம் என்று ஒருநாள் உறுதிப்பட்டாலும், அதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்குமுன் இவ்வரலாற்றை நினைத்தல் வேண்டும்.

‘பரையா’ என்னும் சொல்லின் நிலை இதனினும் கொடிது. பறை என்னும் இசைக்கருவியின் வழி வந்த குடிப்பெயர் இது. புறநானூற்றின் 335-ஆம் பாடல் இக்குடியைச் சிறப்புடைய நான்கு குடிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆங்கிலமோ இதனை எல்லாராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்னும் பொருளில் வழங்குகிறது. தெருநாய்க்கும் அப்பெயரை அடைமொழியாக்கிற்று. சாதிக்குப் புறம்பானவர் என்று ஐரோப்பியர் கொண்ட பொருள் பிழை என்பதையும், பறை அடிப்பவர் என்பதே சொல்லின் பொருள் என்பதையும் இந்நூல் எடுத்துக்காட்டியுள்ளது. இது யூலுக்குப் பெருமை. எனினும் பழியை ஆங்கிலத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது. அச்சொல்லை இழிசொல்லாக ஆங்கிலேயர் கேட்டது தமிழ் மண்ணில்தான். உலக நாளேடுகள் இன்றும் ஒதுக்கப்பட்ட அரசுகளை இச்சொல்லால் குறிக்கின்றன. ஒரு குடியின் பெயர் உலக மொழியில் வசையாய் நிற்பதற்குத் தமிழ்ச் சமுதாயமும் விடை கூற வேண்டும்.

வாசலில் கேட்ட தமிழ்

நூலின் பெருங்குறை ஒன்று எஞ்சியுள்ளது. இதில் இடம்பெற்ற தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், தமிழர் என்போர் சமையற்காரர், சுமை தூக்குவோர், படகோட்டி, சுருட்டு விற்பவர் என்றே அயலார் எண்ணுவர். அறம், அகம், புறம், திணை போன்ற சொற்கள் எங்கே? அவை ஆங்கிலேயர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒலிக்கவில்லை. ஆகவே அகராதியில் ஏறவில்லை. துரைமார் வேலைக்காரரிடமும் வணிகரிடமும் கேட்டறிந்த தமிழே இதில் உள்ளது. பர்னெல் தஞ்சையின் சுவடிகளிடையே வாழ்ந்தும், நூலின் எல்லை அவ்வளவே. ஆங்கிலேயர் பேசியதைத் தொகுப்பதே நூலின் நோக்கம் ஆதலின், இதனை ஆசிரியரின் குற்றம் என்பதைவிட வாசகர்க்குரிய எச்சரிக்கை என்பதே பொருந்தும். ஆங்கிலத்தில் ஏறிய சொற்களைக் கொண்டு தமிழின் உயர்வை அளக்க முற்படுவோர், வாசற்படியை அளந்துவிட்டு மாளிகையின் அளவைக் கூறுபவர் ஆவர்.

இக்குறைகளால் நூல் தள்ளத்தக்கதாகிவிடாது. 1886-இல் வெளிவந்த இது இன்றும் அச்சில் உள்ளது; 2013-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் சுருக்கப் பதிப்பு ஒன்றையும் வெளியிட்டது. அதன் நகைச்சுவையை வேண்டாதார் விடலாம்; அதன் காலத்துக்குரிய செருக்கை மறுக்கலாம். ஆனால் ஆண்டு, இடம், ஏடு, வடிவம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் சாட்சி தேடும் அதன் முறையைக் கைவிடல் ஆகாது. தமிழில் சொற்பட்டியல் தொகுப்போர் ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் மூன்று வினாக்களை எழுதிக்கொள்ளலாம். இச்சொல் முதலில் எங்கே காணப்படுகிறது? எவர் வாய் வழியாகச் சென்றது? சென்ற இடத்தில் எப்பொருளைச் சுமந்தது? முதல் இரண்டுக்கும் விடை கிடைத்தால் சொல்லின் வழி தெரியும். மூன்றாவதற்கு விடை கிடைத்தால், அச்சொல்லால் மகிழ்வதா வருந்துவதா என்பதும் தெரியும்.